கணக்கில் வராத நாலு பேர்

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பன் மூன்று வாரமாக என் பின்னாலேயே சுற்றினான். எனக்குக் கவிதை வராது. கல்லூரி வாழ்க்கையைப் பற்றி உருக்கமாக எழுதலாம் என்றால், இரண்டு அரியர் வைத்திருப்பவன் உருகினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே நண்பர்களே, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அது ஒரு அசைன்மென்ட். பத்துக்கு ஏழு மார்க் வாங்கியது.

ஐந்தாவது செமஸ்டரில் தண்ணீர்த் திட்டம் பற்றிப் படித்தோம் அல்லவா? ஒரு ஊருக்குத் தண்ணீர்த் திட்டம் போடுவது என்றால் பைப்பையும் பம்பையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் முதலில் ஆளை எண்ண வேண்டும். இன்றைக்கு எத்தனை பேர், இன்னும் முப்பது வருஷம் கழித்து எத்தனை பேர் என்று மதிப்பிட வேண்டும். அதை ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று பெருக்க வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். சார் சொன்னார்: "புத்தகத்துல இருக்கிற கணக்கையே காப்பி அடிச்சுட்டு வராதீங்கப்பா. அவங்கவங்க ஊரை எடுத்துப் போட்டுட்டு வாங்க."

என் ஊர் எது என்பதில் எனக்கே ஒரு குழப்பம் உண்டு. ரேஷன் கார்டும் அப்பா அம்மாவின் ஓட்டும் ஆண்டிபட்டி பக்கத்துக் கிராமத்தில் இருக்கின்றன. நாங்கள் இருப்பது திருப்பூரில், நொய்யல் கரை ஓரம் ஒரு லைன் வீட்டில். கிராமத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும், மார்க் வராது. அதனால் திருப்பூரை எடுத்துக்கொண்டேன்.

திருப்பூரும் அதை ஒட்டிய ஊர்களும் சேர்ந்த நகரத் தொகுப்பில் 2001-ல் 5 லட்சத்து 50 ஆயிரம் பேர். 2011-ல் 9 லட்சத்து 63 ஆயிரம் பேர். பத்தே வருஷத்தில் 75 சதவீதம் கூடியிருக்கிறது! பனியன் கம்பெனிகள் இழுத்து வந்த கூட்டம் அது. எங்கள் வீடும் அதில் ஒன்று. இனி 2021-க்கு மதிப்பிட வேண்டும். பத்து வருஷத்துக்கு இத்தனை பேர் என்று ஒரே அளவாகக் கூட்டிக்கொண்டு போனால் 13 லட்சத்து 76 ஆயிரம் வருகிறது. அதே சதவீதத்தில் பெருகும் என்று வைத்தால் 16 லட்சத்து 85 ஆயிரம் வருகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அத்தனை பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 4 கோடி லிட்டரைத் தாண்டுகிறது. 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற லாரியில் கொண்டுவந்தால் ஏறக்குறைய 3,500 லோடு.

நோட்டைப் பார்த்த சார், "ரெண்டுல எது சரி?" என்றார்.

"தெரியலைங்க சார்."

"எனக்கும் தெரியாது. டெல்லிக்கும் தெரியாது. 2021-ல எடுத்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவால நின்னுபோச்சு. இன்னும் 2011 கணக்கை வெச்சுத்தான் பணம் பிரிச்சுட்டு இருக்காங்க. போ, லைப்ரரியில நிதிக்குழு பத்தி என்ன இருக்குன்னு பாரு."

அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் காலேஜ் பாடத்தை நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், புரிகிறதோ இல்லையோ. என் அம்மா ஐந்தாம் வகுப்பு. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அக்கா பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனது, எனக்குப் பீஸ் கட்டுவதற்காக. "2011-ல நம்ம ஊர்ல ஒன்பது லட்சத்து அறுபத்து மூவாயிரம் பேரு இருந்திருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்த வருசம் நம்ம இங்க இல்லையே சாமி" என்றது.

2011 ஜனவரி 28-ம் தேதி. சாயக்கழிவு ஆற்றில் விழுகிறதை நிறுத்தாத காரணத்தால், திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கு. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரேயடியாக நின்றன. அதில் ஒன்றில் அப்பா வின்ச் மெஷினில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் ஞாபகம் இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும்.

"சனிக்கிழமை சம்பளம் வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை வாங்குறதுக்குப் பட்டறை இல்ல. பத்து நாளு பாத்தோம். வாடகை குடுக்க வழியில்ல. சட்டி பானையைக் கட்டி வெச்சுட்டு நாலு பேரும் ஊருக்குப் பஸ் ஏறிட்டோம்."

விவசாயிகள் மேல் அப்பாவுக்குக் கோபம் உண்டா என்று கேட்டேன். "அவுக மேல என்னடா கோவம்? தண்ணியைக் கெடுத்தது நாங்கதானே. ஆத்தைப் பாத்தே இன்னைக்கு எந்தப் பட்டறையில என்ன கலரு ஓடுதுன்னு சொல்லிரலாம்" என்றார். ஆற்றைத் தடுத்து ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் கட்டிய அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் நின்ற கதையை நம் சிவில்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டும். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது.

விஷயத்துக்கு வருகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது தெரியுமா? 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. பட்டறைகளை மூடச் சொல்லிப் பன்னிரண்டாவது நாள் எண்ண ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த மாதம் முழுவதும் நாங்கள் ஊரில் அப்பத்தா வீட்டில் இருந்தோம். கணக்கெடுக்க வந்த வாத்தியாருக்கு அப்பத்தாதான் பதில் சொன்னது. அப்பா அன்றைக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தார். "எம் மகன் கூலிக்குப் போயிருக்கான்" என்று அப்பத்தா சொல்ல, எங்கள் நாலு பேரும் அந்தக் கிராமத்துக் கணக்கில் ஏறிவிட்டோம். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட்டுவிட்டு, வைகாசியில் திரும்பவும் திருப்பூர் வந்தோம். அதற்குப் பிறகு பதினான்கு வருஷத்துக்கு மேல் இங்கேதான். இங்கேதான் குடிக்கிறோம், குளிக்கிறோம், சாக்கடை விடுகிறோம். கணக்கில் மட்டும் இல்லை.

நாலு பேர் கணக்கில் வராததால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லைப்ரரியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

ஒரு நகரத்துக்குச் சொந்த வருமானம் என்று பார்த்தால் சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், கடை வாடகை, இப்படிக் கொஞ்சம்தான். திருப்பூரிலிருந்து ஒரு வருஷத்துக்குச் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை வெளிநாடு போகிறது என்கிறார்கள். அதில் ஒரு பனியனுக்கு இத்தனை பைசா என்று மாநகராட்சிக்கு நேரடியாக எதுவும் கிடையாது. வருமான வரி, சுங்கம் எல்லாம் டெல்லிக்குப் போய்விடும், ஜி.எஸ்.டி. டெல்லிக்கும் சென்னைக்கும். ஆனால் அந்தப் பனியனைத் தைக்க வந்தவனின் குடிதண்ணீரும் குப்பையும் மாநகராட்சியின் தலையில். அதனால் இந்த ஊர் எப்போதும் யாரிடமாவது மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

1990-களில் தண்ணீருக்குத் தவித்தபோது நகராட்சி பட்ஜெட்டில் முடியாது என்று, 1995-ல் மாநில அரசு, ஏற்றுமதியாளர்கள், ஒரு நிதி நிறுவனம் எல்லாம் சேர்ந்து தனிக் கம்பெனியே ஆரம்பித்தார்கள். 1,023 கோடி ரூபாய்த் திட்டம். பவானி பக்கமிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். 2005-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 2011-ல் பட்டறைகள் மூடிய பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாற மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. டெல்லியிடமும் உதவி கேட்டுப் போனார்கள். 2017-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் திருப்பூர் சேர்ந்தது. அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. டெல்லி ஒன்றுமே தரவில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது உண்மை இல்லை. தந்திருக்கிறது. எப்படிப் பிரித்துத் தருகிறது என்பதுதான் என் சங்கதி.

உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு என்ன தரவேண்டும் என்று சொல்வது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதை இரண்டு பட்டியலாகப் பிரித்தது. 10 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரத் தொகுப்புகள் ஒன்று. அதற்குக் கீழே உள்ளவை இன்னொன்று. 2011 கணக்குப்படி திருச்சி 10 லட்சத்து 22 ஆயிரம், தாண்டிவிட்டது. திருப்பூர் 9 லட்சத்து 63 ஆயிரம், தாண்டவில்லை. இன்னும் 37 ஆயிரம் பேர் இருந்திருந்தால் தாண்டியிருக்கும். டெல்லிப் பதிவேட்டில் எங்கள் ஊர் சின்ன ஊர்!

அந்த 37 ஆயிரத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அந்தப் பிப்ரவரியில் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேரோ! பெரிய பட்டியலில் வந்திருந்தால் பணம் கொட்டியிருக்கும் என்று சாரிடம் ஓடினேன். சார் சிரித்தார். "ரெண்டு பட்டியலுக்கும் ஒதுக்கினதைப் பாரு" என்றார். பெரிய பட்டியலுக்கு 38,196 கோடி. சின்ன பட்டியலுக்கு 82,859 கோடி. பெரிய பட்டியலில் போனால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று சொல்லவே முடியாது. அங்கே காற்று, தண்ணீர் என்று தனித்தனி இலக்கு வைத்துத் தருவார்கள். இங்கே 60 சதவீதம் தண்ணீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது, மீதி 40 சதவீதம் ஊரின் விருப்பம். என் ஆவேசம் புஸ்ஸென்று போய்விட்டது. அந்த மூன்று மார்க் போனது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முதலில் எழுதியதில் பட்டியலைத் திட்டி அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.

ஆனால் சார் இன்னொன்றைக் காட்டினார். இந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது 90 சதவீதம் மக்கள்தொகை, 10 சதவீதம் பரப்பளவு என்று கணக்கு. அந்த மக்கள்தொகை 2011-ஆம் வருஷத்தது. எண்ணப்பட்ட தலைக்குத்தான் பணம். ஊரை விட்டுப் போயிருந்தவன் மறுபடி வந்து பதினான்கு வருஷம் தண்ணீர் பிடித்தாலும் அவன் தலைக்கு இந்த ஊரில் பங்கு கிடையாது. திருப்பூரில் இருக்கிற ஒடிசாக்காரர், பீகார்க்காரர் பாதிப் பேர் 2011-க்கு அப்புறம் வந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். எங்கள் லைனிலேயே எட்டு வீட்டில் மூன்று வீடு அவர்கள். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். தண்ணீர் வருகிற நாளில் யார் குடம் முதலில் என்று ஹிந்தியிலும் தமிழிலும் சண்டை நடக்கும். அம்மாவுக்கு இப்போது ஹிந்தியில் திட்டத் தெரியும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சும்மா பணம் தர முடியாது, ஊர் தன் வரியையும் ஒழுங்காக வசூலிக்க வேண்டும் என்று அதே நிதிக்குழு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, வசூலை வருஷா வருஷம் உயர்த்திக்கொண்டு போனால்தான் மானியம். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி ஏற்றினார்கள் அல்லவா? அப்போது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. சென்னை தவிர மற்ற ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். நியாயமான நிபந்தனைதான், ஊர் தன் கையையும் ஊன்ற வேண்டும் அல்லவா. ஆனால் ஓனரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு.

"ஏம்மா, வரி ஏத்திப்போட்டாங்க பாரு. நாம என்ன பண்றது சொல்லு? அடுத்த மாசத்துல இருந்து முந்நூறு ரூவா சேத்திக் குடுத்துருங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். முந்நூறு ரூபாய் என்றால் கிட்டத்தட்ட ஒரு ஷிப்ட் சம்பளம். டெல்லியிலிருந்து பணம் வர வேண்டும் என்பதற்காக ஏற்றிய வரியில் எங்கள் வீட்டுப் பங்கு முந்நூறு ரூபாய். அந்தப் பணத்தைப் பிரிக்கிற கணக்கில் எங்கள் தலை பூஜ்யம். இதை நான் புகாராகச் சொல்லவில்லை நண்பர்களே. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரிதான். நீதிமன்றம் சொன்னது சரி, கணக்கெடுத்த வாத்தியார் எழுதியது சரி, நிதிக்குழு கேட்டது சரி, ஓனரம்மாவும் பாவம். எல்லாம் சேர்ந்து வந்து நின்ற இடம்தான் எங்கள் வாசல்.

போன வருஷம் மறுபடியும் ஒரு இடி. 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது. திருப்பூரில் ஆர்டர் நின்றது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்குப் போனார்கள். பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு அந்த வருஷக் கடைசி வரை நீக்கியது. அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்துக்கு நாலு நாள் ஆனது. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அப்பா பரண் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கேதான் 2011-ல் சாமான் கட்டிப்போன பெரிய தகரப் பெட்டி இருக்கிறது. "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல. பூட்டுச் சாவி எங்க வெச்சேன்னு யோசிச்சேன்" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் டிப்ளமோ முடிக்க இன்னும் ஒரு செமஸ்டர். அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு அரசு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. வீடுகளைக் கணக்கெடுப்பது 2026-ல். ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரியில். மறுபடியும் அதே பிப்ரவரி! மறுபடியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டால், அடுத்த கணக்கு வருகிற வரைக்கும் நாங்கள் இங்கே இல்லாதவர்கள்.

நல்லவேளையாக அந்தப் பெட்டியை இறக்கவில்லை. அக்கா புருஷன் வேலை பார்க்கிற இடத்தில் அப்பாவுக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை சேர்த்துவிட்டார். ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். 2027 பிப்ரவரியில் எங்கேயும் போகக் கூடாது, எண்ண வருகிறபோது இங்கே பெயர் கொடுக்க வேண்டும் என்றேன்.

"மாசி மாசம் சாமி கும்பிடப் போகாம எப்படிடா?" என்று அம்மா ஆரம்பித்தது.

"நாலு நாள் போயிட்டு வரலாம்மா. மாசம் பூரா போயி உக்காரக் கூடாது. அவ்வளவுதான்."

அப்பாவின் கவலை வேறு. "இங்க பேரு குடுத்துட்டா அங்க எடுத்துருவாங்கடா. அப்புறம் அப்பத்தா வீட்டுல நமக்கு என்ன பாத்தியதை இருக்கு? நாளைக்கு உங்க சித்தப்பன் கேட்டா?"

இது ரேஷன் கார்டு இல்லை, பட்டாவும் இல்லை, வீட்டுப் பங்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, யார் பெயரும் எங்கேயும் வெட்டுப்படாது, எண்ணிக்கை மட்டும்தான் என்று அரைமணி நேரம் விளக்கினேன். 135 லிட்டர் கணக்கையும் சொன்னேன். மூன்று வருஷம் படித்ததில் அப்பாவுக்கு நான் பாடம் எடுத்தது அன்றுதான். அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. நானும் டிராயிங் ஷீட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்தே கேட்டார்.

"ஏண்டா தம்பி, என்ன வேலைன்னும் கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்கப்பா."

"போன தடவை அப்பத்தா கூலின்னு சொல்லிருச்சு. வாட்ச்மேன்னா எழுதுவாங்க?"

"இப்ப செய்யற வேலை அதுதானேப்பா."

அப்பா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த நகங்கள் நீலமாக இருக்கும் என்று அம்மா சொல்லும்.

"நீ பக்கத்துல இருந்து சொல்லு. சாயத் தொழிலாளின்னு எழுதச் சொல்லு."

உள்ளே இருந்து அம்மா, "எனக்கு செக்கிங்னு போடச் சொல்லு" என்றது.